கத்திக்கும் ஒரு பதம் உண்டு!

புடவைக் கடைக்குப் போனால் நாம் எத்தனை கேள்விகள் கேட்கிறோம்! சாயம் போகுமா, சரிகை அசலா, துவைத்தால் சுருங்குமா, முந்தானை எத்தனை நீளம் என்று விற்பனையாளர் சோர்ந்து உட்காரும் வரையில் கேட்டுவிட்டுத்தான் கைப்பையைத் திறக்கிறோம். நகைக் கடையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரு கூறு வெண்டைக்காய் வாங்குவதென்றால் கூட நுனியை ஒடித்துப் பார்க்காமல் விடுவதில்லை. ஆனால் அந்த வெண்டைக்காயை நறுக்குகிற கத்தியை வாங்கும்போது மட்டும் நம்முடைய கேள்விகள் எல்லாம் எங்கே போய் ஒளிந்துகொள்கின்றனவோ தெரியவில்லை! பளபளவென்று இருக்கிறதா, பிடி கைக்கு அடக்கமாக இருக்கிறதா என்று பார்க்கிறோம். கட்டை விரலில் லேசாக ஒரு தடவை உரசிப் பார்த்துவிட்டு, "சரி, கட்டிக் கொடுங்கள்" என்று சொல்லிவிடுகிறோம்.

வருஷத்தில் ஒரு நாள், ஆயுத பூஜையன்று, சந்தனமும் குங்குமமும் பெற்றுக்கொள்ளும் அந்தக் கத்தி மற்ற நாட்களிலெல்லாம் நமக்காக மூன்று வேளையும் உழைக்கிறது. அது சரியாக அமையாவிட்டால் கஷ்டப்படுவது நாம்தான். சீக்கிரம் மழுங்குகிற கத்தியை அழுத்தி அழுத்தி வெட்டவேண்டியிருக்கிறது. அழுத்தும்போது அது வழுக்கி விரலையே பதம் பார்த்துவிடுகிறது. மழுங்கவே மழுங்காது என்று சொல்லிக் கொடுத்த கத்தியோ, ஒரு நாள் தேங்காய் ஓட்டில் பட்டுப் பல் பெயர்ந்துவிடுகிறது. பெயர்ந்த அந்தச் சின்னத் துணுக்கு குழம்பில் விழுந்து, குழந்தையின் தட்டுக்குப் போனால் என்ன ஆவது? ஆகையால், கத்தி வாங்குவதற்கும் நாலு கேள்விகள் கேட்கத்தான் வேண்டும்.

இப்போதெல்லாம் நல்ல கத்திகளின் பெட்டியிலே ஒரு எண் அச்சிட்டிருக்கிறார்கள். "எச்.ஆர்.சி. 56" என்றோ, "எச்.ஆர்.சி. 60" என்றோ இருக்கும். சில ஜெர்மன் கத்திகளின் அலகிலேயே இந்த எண்ணைப் பொறித்திருப்பதும் உண்டு. அது என்ன என்று கடைக்காரரைக் கேட்டால், "எண் ஜாஸ்தியாக இருந்தால் கத்தி உசத்தி, அம்மா! இது 60, அது 56தான்" என்பார். விலையும் அந்தக் கணக்கிலேயே ஏறும். 60 மார்க் வாங்கிய பையன் 56 மார்க் வாங்கிய பையனை விடக் கெட்டிக்காரன் அல்லவா என்று நாமும் தலையை ஆட்டிவிட்டுப் பணத்தைக் கொடுத்துவிடுகிறோம்.

அவர் சொன்னது பாதி உண்மை. மற்றப் பாதியைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

பாகு மாதிரிதான், பயப்பட வேண்டாம்!

இரும்பும் உலையும் ஆண்பிள்ளைகள் விவகாரம் என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். அதிரசத்துக்குப் பாகு வைக்கத் தெரிந்தவர்களுக்கு இந்த விஷயம் ஐந்து நிமிஷத்தில் புரிந்துவிடும். அதே வெல்லம், அதே தண்ணீர், அதே அடுப்பு. ஆனாலும் ஒரு வீட்டில் அதிரசம் பூவாக இருக்கிறது. இன்னொரு வீட்டில் பல்லை உடைக்கிறது. காரணம் பதம். கத்தியும் அப்படியே. ஒரே எஃகிலிருந்து ஒருவர் அருமையான கத்தி செய்யலாம். இன்னொருவர் ஒன்றுக்கும் உதவாத தகட்டைச் செய்யலாம். வித்தியாசம் நெருப்பில் இருக்கிறது.

கத்திக்கு ஆகிற எஃகு என்பது இரும்பும் கரியும் கலந்த ஒரு கலவை. நூற்றுக்கு அரைப் பங்கிலிருந்து ஒன்றரைப் பங்கு வரையில் கரி இருக்கும். இவ்வளவு சொற்பமான கரிதான் அத்தனை ஜாலமும் செய்கிறது. கரி மிகவும் குறைந்த சாதாரண இரும்பை என்னதான் காய்ச்சித் தோய்த்தாலும் அது கத்திக்கு வேண்டிய கடினத்தை அடையாது.

அலகை அடித்து உருவாக்கின பிறகு, கொல்லர் அதை உலையில் வைத்துச் செக்கச் செவேல் என்று காய்ச்சுகிறார். சாதாரணக் கார்பன் எஃகுக்குச் சுமார் 800 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணம் வேண்டும். இதைக் கண்டுபிடிக்க அனுபவசாலிகள் ஒரு காந்தத்தை வைத்துக்கொள்வதுண்டு. ஏறக்குறைய 770 டிகிரியில் எஃகு காந்தத்துக்கு மசிவதை நிறுத்திவிடும். "காந்தம் இழுக்கவில்லையா? இன்னும் கொஞ்சம் காய்ந்தால் போதும்" என்று அவர்கள் தெரிந்துகொள்வார்கள்.

அந்த உஷ்ணத்தில் கரி இரும்புக்குள்ளே ஒரே சீராகக் கரைந்துவிடுகிறது. உடனே அலகை எண்ணெயிலோ தண்ணீரிலோ "சொய்ங்" என்று தோய்க்கிறார்கள். நம் பட்டறைகளில் இதற்குத் தோய்ச்சல் என்று பெயர். சடக்கென்று குளிர்ந்துவிடுவதால், கரைந்த கரிக்குப் பிரிந்து வெளியேற அவகாசம் கிடைப்பதில்லை. அகப்பட்ட இடத்திலேயே சிக்கிக்கொண்டு, இரும்பை விறைப்பாக்கிவிடுகிறது. இப்படி விறைத்த எஃகுக்கு மார்ட்டன்ஸைட் என்று பெயர். 1850ல் பிறந்து 1914ல் காலமான அடால்ஃப் மார்ட்டன்ஸ் என்ற ஜெர்மன் நிபுணரின் நினைவாக வைத்த பெயர் அது.

சரி, தோய்த்தாயிற்று, கத்தி தயார் என்று நினைக்கிறீர்களா? இல்லை! அப்போதுதான் தோய்த்து எடுத்த அலகு கண்ணாடி மாதிரி. கை தவறிக் கீழே விழுந்தால் படீரென்று உடைந்து போகலாம். ஆகவே, அதை மறுபடியும் நிதானமாகச் சூடாக்குகிறார்கள். சமையலறைக் கத்திக்குப் பெரும்பாலும் 150 முதல் 250 டிகிரி வரை. அதாவது நாம் கேக் சுடுகிற அடுப்பின் உஷ்ணம்தான்! இந்த இரண்டாவது சூட்டில் கத்தியின் முரட்டுத்தனம் கொஞ்சம் அடங்குகிறது. கடினம் சிறிது குறைகிறது. அதற்குப் பதிலாக உடையாத தன்மை வருகிறது. இதுதான் பதப்படுத்துவது. இங்கே சூடு குறைந்தால் கத்தி கடினமாகவும் முறியக்கூடியதாகவும் நிற்கும். சூடு கூடினால் உறுதியாக இருக்கும், ஆனால் சீக்கிரம் மழுங்கும். இரண்டுக்கும் நடுவில் எந்த இடத்தில் நிறுத்துவது என்பதில்தான் கைத்திறன் இருக்கிறது.

எண் எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவிலே கனெக்டிகட் மாகாணத்தில் பிரிஸ்டல் என்று ஓர் ஊர். அங்கே பால்-பேரிங் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஹியூ ராக்வெல், ஸ்டான்லி ராக்வெல் என்ற இருவர் வேலை பார்த்தார்கள். காய்ச்சித் தோய்த்த எஃகு வளையங்கள் சரியான பதத்தில் இருக்கின்றனவா என்று சட்டென்று கண்டுபிடிக்க அவர்களுக்கு ஒரு வழி தேவைப்பட்டது. 1914ல் ஒரு யந்திரத்துக்கு உரிமை கேட்டு மனுச் செய்தார்கள். 1919ல் உரிமை கிடைத்தது. ராக்வெல் கடினம் என்பதன் சுருக்கம்தான் எச்.ஆர். அதில் 'சி' என்பது கெட்டியான எஃகுக்கு உரிய அளவுகோல்.

யந்திரம் செய்கிற காரியம் மிகவும் எளியது. கூம்பு மாதிரித் தீட்டிய ஒரு வைரத்தை எஃகின் மேல் வைத்து, முதலில் 10 கிலோ பாரத்தால் அழுத்துகிறது. பிறகு பாரத்தை 150 கிலோவாக ஏற்றி, மறுபடி 10 கிலோவுக்கு இறக்குகிறது. வைரம் எவ்வளவு ஆழம் இறங்கியது என்று பார்த்து எண்ணைச் சொல்கிறது. குறைவாக இறங்கினால் எண் அதிகம். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு மில்லிமீட்டரில் 500ல் ஒரு பங்கு வித்தியாசம். 60க்கும் 56க்கும் உள்ள பேதம் நம் தலைமுடியின் கனத்தில் சுமார் பத்தில் ஒரு பங்குதான்! ஆனால் அந்த இத்தனூண்டு பேதம் சமையலறையில் பெரிய பேதமாகத் தெரியும்.

பொதுவாகச் சொன்னால், ஜெர்மனியில் ஸோலிங்கன் முதலிய இடங்களிலிருந்து வரும் சமையலறைக் கத்திகள் 54 முதல் 58 வரையில் இருக்கும். ஜப்பானிய ரகக் கத்திகள் பல 60ஐத் தாண்டும். ஓங்கி வெட்டுகிற கோடரி போன்றவற்றை இவற்றை விடக் குறைவாகவே நிறுத்துவார்கள். கோடரிக்கு எண் குறைவு என்பதால் அது மட்டமான சரக்கா? அதன் வேலை வேறு, அதன் பதம் வேறு. அவ்வளவுதான்.

எண் சொல்லாமல் விடுகிற சங்கதிகள்

முதலாவது, கடினம் வேறு, கூர்மை வேறு. கூர்மை என்பது சாணை பிடிப்பதில் வருவது. தகர டப்பாவின் மூடி கூட விரலைக் கிழித்துவிடுகிறது. அதற்காக அது நல்ல எஃகாகிவிடுமா? வைத்த கூர்மை எத்தனை நாள் நிற்கும் என்பதில்தான் கடினத்துக்குப் பங்கு உண்டு.

இரண்டாவது, ஒரே எண் உள்ள இரண்டு கத்திகள் ஒன்றுபோல் இருக்கவேண்டும் என்பதில்லை. உலையில் சூடு மிஞ்சிப் போனால், எஃகின் உள் மணிகள் பெரிதாக வளர்ந்துவிடும். அப்படிப்பட்ட கத்தியை உடைத்துப் பார்த்தால், உடைந்த இடம் ரவை மாதிரி நறநறவென்று தெரியும். பக்குவமாகக் காய்ச்சியது மைதா மாவு போல மெத்தென்று தெரியும். ராக்வெல் யந்திரம் இரண்டுக்கும் 60 என்றே சொல்லக் கூடும். ஆனால் ரவை போன்றது சுலபமாகப் பல் பெயரும்.

மூன்றாவது, எஃகின் ஜாதி. துருப்பிடிக்காத எஃகின் கதையே இதற்கு நல்ல உதாரணம். 1913ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்பவர் குரோமியம் நிறையக் கலந்த எஃகைச் செய்தார். கத்திக்கு இது ஏற்றது என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் ஆரம்பத்தில் அதைக் கையாண்டவர்களுக்கு அது பிடிபடவில்லை. வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்த மகான் என்று அவரைக் கேலி கூடச் செய்தார்கள்! இந்த மாதிரி எஃகைத் தோய்ப்பதற்குச் சுமார் 1000 டிகிரிக்கு மேல் காய்ச்சவேண்டும். பழைய எஃகுக்குச் செய்கிற பக்குவம் இதற்கு ஆகாது. அதே ஊரில் எர்னெஸ்ட் ஸ்டூவர்ட் என்ற கத்தித் தொழில் நிபுணர் முயன்று நல்ல கத்திகள் செய்து காட்டினார். 'ஸ்டெயின்லெஸ்' என்ற பெயரை வழங்கியவரும் அவர்தான். எஃகைக் கொடுத்தால் மட்டும் போதாது, அதன் பக்குவத்தையும் சேர்த்துச் சொல்லவேண்டும் என்பதற்கு இதை விட வேறு சாட்சி வேண்டுமா?

நான்காவது, எண் கத்தியின் எந்தப் பாகத்துக்கு? ஜப்பானியக் கத்திகள் பலவற்றில் வெட்டுகிற விளிம்பு கெட்டியான எஃகு; இரு புறமும் போர்த்தியிருப்பது மிருதுவான இரும்பு. போளியில் பூரணம் உள்ளே இருப்பது போல! பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண் உள்ளே இருக்கும் பூரணத்துக்குத்தான். மேல் மாவுக்கு அல்ல. இது குறை அல்ல. முதுகு மிருதுவாக இருப்பதால் கத்தி சட்டென்று முறியாது. ஆனால் வாங்குகிறவருக்கு அதைச் சொல்லவேண்டும் அல்லவா?

விற்கிறவர் என்ன சொல்லவேண்டும்?

இப்போது பல ஊர்களில் தனி மனிதர்கள் பட்டறை வைத்து, கேட்பவர்களுக்கு ஏற்றபடி கத்தி செய்து கொடுக்கிறார்கள். அவர்களில் சிலர் ஒன்றுமே சொல்வதில்லை. "நம்பி வாங்கிட்டுப் போங்கம்மா" என்பதோடு சரி. வேறு சிலரோ, நாம் மிரண்டு போகும்படி சொல்கிறார்கள். "வெற்றிடச் சூளையில் காய்ச்சியது, உறைகுளிரில் ஆழ்த்தியது, மும்முறை பதப்படுத்தியது" என்று அடுக்குவார்கள். அவை பொய் என்று சொல்லவில்லை. கரியும் குரோமியமும் மிகுந்த சில எஃகுகளுக்கு, தோய்த்தவுடன் பூஜ்யத்துக்குக் கீழே 70 டிகிரிக்கும் அதிகமாகக் குளிர வைப்பதால் நன்மை உண்டு. சாதாரணக் கார்பன் எஃகுக்கு அதனால் பெரிய பலன் இல்லை. வைத்தியர் மருந்தின் பெயரை லத்தீனில் சொல்லிவிட்டு, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று சொல்லாமல் போனால் நமக்கு என்ன பிரயோஜனம்?

ஒரு நல்ல கத்தியோடு ஒரு சின்னச் சீட்டு வந்தால் போதும். அது ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

"இது கார்பன் எஃகு. நூற்றுக்கு ஒரு பங்கு கரி உள்ளது. ஈரத்தோடு வைத்தால் துருப்பிடிக்கும். 800 டிகிரியில் காய்ச்சி எண்ணெயில் தோய்த்து, 200 டிகிரியில் இரண்டு தடவை பதப்படுத்தியது. கடினம் 59 முதல் 61 வரை. இதோடு சேர்த்துச் செய்த கத்திகளில் ஒன்றை அளந்து பார்த்தோம். காய்கறி, பழம், எலும்பில்லாத மாமிசம் நறுக்கலாம். தேங்காய் ஓடு, எலும்பு, ஐஸ் பெட்டியில் உறைந்த பண்டம் கூடாது. தீட்டுவதற்குத் தண்ணீர்க் கல்லை உபயோகிக்கவும். தேய்க்கும் கம்பி வேண்டாம்."

இதிலே ஒவ்வொரு வாக்கியமும் நமக்கு ஒரு காரியத்தைச் சொல்கிறது பாருங்கள். முக்கியமாக, "59 முதல் 61 வரை" என்று இருக்கிறதே, அதைக் கவனியுங்கள். அளக்கிற யந்திரத்துக்கே முன்பின்னாக ஓர் எண் பிசகலாம். சூளையிலும் இடத்துக்கு இடம் சூடு கொஞ்சம் மாறும். ஆகவே இரண்டு எண்களுக்கு நடுவில் என்று சொல்கிறவர் தயங்குகிறார் என்று எண்ணாதீர்கள். அவர்தான் யோக்கியமாகப் பேசுகிறார்.

"எங்கள் பட்டறையில் யந்திரம் இல்லை, அம்மா" என்று ஒருவர் சொன்னால், அதற்காக அவரை ஒதுக்கிவிடவும் வேண்டாம். நல்ல அரம் ஒன்றின் கடினம் 60க்கு மேல் இருக்கும். தோய்த்த விளிம்பில் அரத்தை வைத்து இழுத்தால், அது கடிக்காமல் வழுக்கிக்கொண்டு போனால் தோய்ச்சல் பிடித்துவிட்டது என்று அர்த்தம். யந்திரம் வருவதற்கு முன்பிருந்தே கொல்லர்கள் அறிந்த பரீட்சை இது. "அளக்கவில்லை, அரம் போட்டுப் பார்த்தேன், நானே ஒரு மாதம் நறுக்கிப் பார்த்தேன்" என்று சொல்கிறவரை நம்பலாம். அளக்காமலே 62 என்று அச்சடிக்கிறவரைத்தான் நம்பக்கூடாது.

எஃகு எங்கிருந்து வந்தது என்பதும் அப்படித்தான். பழைய லாரி ஸ்பிரிங் பட்டையிலிருந்து எத்தனையோ நல்ல அரிவாள்களும் கத்திகளும் பிறக்கின்றன. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. "லாரிப் பட்டை, அம்மா. காய்கறிக்கும் தேங்காய்க்கும் தாங்கும். ஆனால் அவ்வப்போது தீட்டிக்கொள்ள வேண்டும்" என்று சொன்னால் அது நேர்மையான வியாபாரம். அதையே 'ஜப்பான் எஃகு' என்று சொல்லி விற்றால் அது மோசம்.

ஜப்பான் என்றதும் இன்னொன்று. 'வெள்ளைக் காகிதம்', 'நீலக் காகிதம்' என்றெல்லாம் அவர்கள் எஃகுக்குப் பெயர் சொல்வார்கள். எஃகு வெள்ளையாகவோ நீலமாகவோ இருக்கும் என்று தேடாதீர்கள். ஆலையிலிருந்து வரும்போது சுற்றியிருந்த காகிதத்தின் நிறத்தைக் கொண்டு வந்த பெயர்கள் அவை! அதைப் போலவே, அலகின் மேல் அலையலையாக ஓடும் கோலத்தைக் கண்டு மயங்கிவிடவும் வேண்டாம். அழகாகத்தான் இருக்கும். ஆனால் கோலம் கடினத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாது. மேலே வெறுமே பொறித்த கோலமாகவும் இருக்கலாம்.

நாம் என்ன சொல்லவேண்டும்?

விற்கிறவரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. நம் வீட்டில் என்ன நறுக்குகிறோம் என்று நாம் சொன்னால்தானே அவர் பதத்தைத் தீர்மானிக்க முடியும்? தையற்காரருக்கு அளவு கொடுக்காமல் ரவிக்கை தைக்கச் சொல்கிறோமா? பட்டறையில் ஒரு பேச்சு நடப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

"ஐயா, எனக்கு ரொம்பக் கெட்டியா ஒரு கத்தி வேணும். 62 இருந்தா நல்லதாமே?"

"போட்டுக் கொடுக்கலாம், அம்மா. வீட்டிலே என்னென்ன நறுக்குவீங்க?"

"எல்லாந்தான். கீரை, வெங்காயம், வாழைப்பூ, சேனை... ஞாயித்துக்கிழமை மீன்."

"தேங்காய் உடைக்கிறது?"

"அதுவும் கத்தி முதுகாலே ரெண்டு தட்டு தட்டுவேன்."

"எதன் மேலே வச்சு நறுக்குவீங்க?"

"மேடை மேலேதான். கிரானைட்டுக் கல்லுதானே, கழுவிட்டாப் போச்சு."

"தீட்டுறது யாரு, அம்மா?"

"தெருவிலே சாணைக்காரர் வருவாரே, அவர்தான்."

"அப்படீன்னா உங்களுக்கு 62 வேண்டாம், அம்மா. ஒரு மாசத்திலே வாய் எல்லாம் பல் பல்லாப் போயிடும். அப்புறம் என்னைத்தான் திட்டுவீங்க. துருப்பிடிக்காத எஃகிலே 56 போட்டுக் கொடுக்கிறேன். விளிம்பு மடங்கினாலும் தீட்டினால் திரும்பிடும், உடையாது. கீரை, வெங்காயத்துக்கு மட்டும்னு தனியா மெல்லிசா ஒண்ணு வேணும்னா, அதை 60 போடலாம். அதுக்குக் கட்டாயம் மரப்பலகை வச்சுக்கணும்."

பார்த்தீர்களா? வந்த அம்மாள் கேட்டது ஓர் எண். அவருக்குக் கிடைத்தது தம் வீட்டுக்கு ஏற்ற கத்தி. குறைந்த எண் சொன்னதால் அந்தக் கொல்லருக்கு வியாபாரம் கெட்டுப் போகவில்லை. ஒரு வாடிக்கைக் குடும்பமே கிடைத்தது.

ஆகையால், கத்தி வாங்கப் போகும்போது இந்த ஐந்தையும் நீங்களாகவே சொல்லிவிடுங்கள்: என்ன நறுக்குவீர்கள், எதன் மேல் வைத்து நறுக்குவீர்கள், யார் யார் கையில் கத்தி போகும், எப்படித் தீட்டுவீர்கள், உபயோகித்தவுடன் துடைத்து வைக்கிற வழக்கம் உண்டா இல்லையா. கடைசிக் கேள்விக்கு மனச்சாட்சியோடு பதில் சொல்லுங்கள்! புளியும் மாங்காயும் எலுமிச்சையும் தினம் புழங்குகிற வீட்டில், துடைத்து வைக்கிற வழக்கம் இல்லையென்றால், கார்பன் எஃகு கறுத்துத் துருவேறிவிடும். அங்கே துருப்பிடிக்காத எஃகே மேல்.

பதம் கெடாமல் பார்த்துக்கொள்ள

இத்தனை பாடுபட்டு ஏற்றிய பதத்தை ஒரே நிமிஷத்தில் கெடுத்துவிடலாம் என்பது தெரியுமா? கேக்கையோ வெண்ணெயையோ வெட்டுவதற்கு வசதி என்று கத்தி முனையை காஸ் அடுப்பின் ஜ்வாலையில் காட்டுகிறோமே, அது பெரிய பிசகு. கத்தியின் விளிம்பு மெல்லியது, நொடியில் காய்ந்துவிடும். 200 டிகிரியில் பதப்படுத்திய கத்தி அதற்கு மேல் சூடேறினால், அந்த இடத்தில் கடினம் போய்விடும். வெந்நீரில் தோய்த்துத் துடைத்துவிட்டு வெட்டுங்கள். அதே காரியம் நடக்கும், கத்திக்கும் கேடு இல்லை. "வெந்நீர் பட்டாலே பதம் போய்விடும்" என்று சிலர் பயமுறுத்துவார்கள், அதை நம்பவேண்டாம். கொதிக்கிற தண்ணீரே 100 டிகிரிதான். பாத்திரம் கழுவும் யந்திரத்தில் கத்தியைப் போடக்கூடாது என்பதற்குக் காரணம் சூடு அல்ல. நெடுநேர ஈரமும், பாத்திரங்களோடு மோதுவதும், மரப்பிடி வெடிப்பதும்தான்.

இன்னொரு ஆபத்து சாணைச் சக்கரம். தண்ணீர் படாமல் வேகமாகச் சுழலும் சக்கரத்தில் பொறி பறக்க அழுத்திப் பிடித்தால், விளிம்பு சூடேறி நிறம் மாறும். முதலில் வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு, ஊதா, கடைசியில் நீலம். கார்பன் எஃகில் நீலம் தெரிந்தால் சூடு 300 டிகிரியை எட்டிவிட்டது என்று அர்த்தம். அந்த இடம் மெத்தென்று ஆகிவிடும். எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. நீலம் பாய்ந்த பாகம் முழுவதும் தேய்ந்து போனால்தான் கத்தி பழையபடி ஆகும். ஆகவே சாணைக்காரரிடம் கத்தியைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடாதீர்கள். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வையுங்கள். "ஐயா, அழுத்தாமல், நிறையத் தடவை நனைச்சு நனைச்சுப் பிடிங்க" என்று சொல்லுங்கள். அவரும் கத்தியை அறிந்தவர்தான். அறிந்தவர்கள் சொன்னால் சந்தோஷமாகச் செய்வார்.

கிரானைட்டு மேடை, பீங்கான் தட்டு, எவர்சில்வர் தட்டு ஆகியவற்றின் மேல் வைத்து நறுக்குவதை விட்டுவிடுங்கள். எந்த எண் பதித்த கத்தியும் கல்லோடு மோதி ஜெயித்ததில்லை. ஒரு மரப்பலகை போதும்.

கடைசியாக ஒரு வார்த்தை

அடுத்த முறை கடைக்காரர் ஒரு கத்தியை நீட்டி, "இது 60, அம்மா!" என்று பெருமையோடு சொன்னால், பயந்துவிடவும் வேண்டாம், மயங்கிவிடவும் வேண்டாம். சிரித்துக்கொண்டே கேளுங்கள்: "சரி ஐயா, 60 இருக்கட்டும். என்ன எஃகு இது? யார் அளந்தார்கள்? இதிலே எதை நறுக்கக்கூடாது? நானே வீட்டில் எப்படித் தீட்டுவது? பல் பெயர்ந்தால் கொண்டு வரலாமா?"

விஷயம் தெரிந்தவரானால் நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்காரச் சொல்லி, உற்சாகமாகப் பதில் சொல்வார். தம் தொழிலைப் பற்றி ஆவலோடு கேட்கிற வாடிக்கைக்காரர் கிடைப்பது அவருக்கும் அபூர்வம் அல்லவா? பதில் தெரியாதவர், "மார்க்கெட்டிலே எல்லாரும் இதைத்தான் வாங்கறாங்க" என்பார். அப்படிச் சொன்னால், வெண்டைக்காயின் நுனி ஒடியவில்லை என்று தெரிந்துகொண்டு, பேசாமல் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.